மிசின் ஒண்ணுக்குப் போவல

நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணு, இன்னும் வரல. வள்ளத்து மிசின் ஓடிக்கிட்டுதான் இருக்கு, அதோட கால முக்கி வச்ச நீல டிரம்முக்குள்ள தண்ணி சோத்துப்பானை மாதிரி பொங்கி வெளிய ஊத்துது, புகை கண்ணக் கரிக்குது, இனிகோ குத்தவச்சு ஒக்காந்து மிசினோட பொறத்தால இருக்குற ஒரே ஒரு ஓட்டையப் பாத்துக்கிட்டு இருக்கான். சுண்டுவெரல் கூட நொழையாத ஓட்டை, அதுலேருந்து ஒரு தாரை தண்ணி வரணும், அவ்வளவுதான் அவன் கேக்குறது, ஏழு வாரமா கேக்குறான். கீழ கால் வழியா கடல் தண்ணிய உறிஞ்சி, செம்புக் கொழாய்ல மேல ஏத்தி, சிலிண்டரச் சுத்தி ஓடவிட்டு, சூட்டையெல்லாம் வாங்கிக்கிட்டு திரும்பக் கீழயே போவும், போற போக்குல கொஞ்சூண்டு மட்டும் இந்த ஓட்டை வழியா வெளிய வந்து நான் ஓடிக்கிட்டுதான் இருக்கேன்னு மொகத்தக் காட்டும். ஊர்ல அதுக்குப் பேரு மிசின் ஒண்ணுக்குப் போவுது. வள்ளம் கெளம்புறப்ப கரைல நிக்கிறவன் மொதல்ல கேக்குறதே அதான், என்னலே, போவுதா. போவலன்னா எறங்காத, மிசின் உள்ளுக்குள்ள வெந்து பூட்டிக்கிடும், நடுக்கடல்ல கல்லு. அம்பத்தெட்டு, அம்பத்தொம்போது, அறுவது. நிறுத்திட்டான். ஒரு நிமிஷத்துக்கு மேல அவன் ஓட்ட மாட்டான், அவனுக்குப் பயம். கைய சிலிண்டர் மேல வச்சுப் பாத்தான், வெதுவெதுப்பு, டீ கிளாஸ் சூடு கூட இல்ல. ஒரு நிமிஷம் ஓடுனதுக்கு வெதுவெதுப்புதான இருக்கும், அத வச்சு என்னத்தச் சொல்ல. மணி ஒண்ணரை. மூணு மணிக்கு தத்தேயு அத்தான் வருவாரு.

மூணு மணிக்கு வந்து என்ன பாப்பாரு, இந்த ஓட்டையத்தான் பாப்பாரு. நேத்தே சொல்லிட்டாரு, சண்டையெல்லாம் போடல, சாப்ட்டுக்கிட்டே சொன்னாரு, மாப்ள, நாளைக்கி மூணு மணிக்கு நா வருவேன், மிசின் ஒண்ணுக்குப் போச்சுன்னா கடலுக்கு எறங்குதேன், போவலன்னா அஞ்சு மணி வேன்ல கொல்லத்துக்கு ஏறுதேன், ஆறு மாசம், போட்டு ஓனர் இன்னைக்குள்ள பதில் கேட்டுருக்காரு. அவ்வளவுதான். பெறகு மீன் மண்டைய உறிஞ்ச ஆரமிச்சுட்டாரு. ஆறு மாசம்னா பிளாரா அக்காவுக்கு இப்ப ஏழு, ஏழும் ரெண்டும் ஒம்போது, புள்ள பொறக்கையில அத்தான் கொல்லத்துல எவனோ ஒருத்தன் போட்டுல ஐஸ் ஒடச்சுக்கிட்டு இருப்பாரு. அக்கா ரசத்தக் கொண்டாந்து வச்சா. அவ ஒண்ணும் சொல்லாம இருக்குறதுதான் இனிகோவுக்கு மண்டைக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி இருக்கு, ஏன்னா ரிப்பேருக்கு தூத்துக்குடில மெக்கானிக்கிட்ட கொண்டு போறேன்னு அத்தான் ஈஸ்டர் முடிஞ்சதும் சொன்னாரு, எதுக்கு அத்தான், நா பாக்குறேன்னு நெஞ்ச நிமித்தி நின்னது யாரு. ஐடிஐ முடிச்சுட்டு திருச்செந்தூர்ல செல்போன் ரிப்பேர் கடைல ஒக்காந்துருக்குறவன். கண்ணாடி ஒடஞ்ச போனுக்கும் வெந்துபோன மிசினுக்கும் என்ன சம்பந்தம்னு அப்ப யாரும் கேக்கல. கேட்டுருக்கணும்.

நாலு ஸ்க்ரூவக் கழட்டி மூடியத் தூக்கி ஓரமா வச்சான். எப்பேர்ப்பட்ட பழசு, கவர்ல பேரு கூட அழிஞ்சு போச்சு, ரெண்டு எழுத்து மட்டும் பல்லு விழுந்த கெழவன் மாதிரி நிக்குது. ஆனா ஓடும். அதான் எரிச்சலே, நல்லா ஓடுது, ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆவுது, குருத்தோலை ஞாயித்துக்கு மொத நாள் வரைக்கும் ஒண்ணுக்கும் ஒழுங்காப் போய்க்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்பறம் ஈஸ்டருக்கு முந்துன பெரிய வாரம், பெரிய வாரத்துல ஊர்ல யாரும் கடலுக்கு எறங்க மாட்டாங்க, மிசின் சும்மாதான் இருந்துச்சு, இந்தா இந்த வலைக்கூடத்துல, இந்தா இதே பனங்கட்டைல, யாரும் தொடக் கூட இல்ல. ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாக்கெழம அத்தான் எறக்குறாரு, நின்னுபோச்சு. சும்மா இருந்த மிசின் எப்பிடி கெட்டுப் போவும். உப்பு படிஞ்சுருக்கும்னு மொத வாரம் வினிகர் ஊத்துனான். வரல. ரப்பர் பூ தேஞ்சுருக்கும்னு ரெண்டாவது வாரம், கால்ல தண்ணிய உறிஞ்சுறதுக்கு ஆறு எதழ் வச்ச ரப்பர் பூ ஒண்ணு சுத்துமே, அத புதுசு வாங்கிப் போட்டான். வரல. அப்பறம் சூடு பாத்து தண்ணிய விடுற சின்ன வால்வு ஒண்ணு இருக்கு, அதயே தூக்கி எறிஞ்சுட்டான். வரல. வீடியோ பாத்தான், ஒருத்தன் மலையாளத்துல சொல்றான், ஒருத்தன் என்ன பாஷையின்னே தெரியல, கையக் கையக் காட்டுறான், எல்லாவனுக்கும் கடைசில தண்ணி பீச்சி அடிக்குது, அடிச்சதும் கேமராவப் பாத்து சிரிக்கிறானுவ. இவனுக்கு மட்டும் வரல. ராத்திரி படுத்தா கண்ணுக்குள்ள அந்தத் தண்ணி போற பாதைதான், கீழேருந்து மேல, மேலேருந்து சுத்தி, சுத்தி கீழ, எங்க நிக்குது, எங்க நிக்குது.

போன வருசம் இவனுக்கே நின்னுச்சு. கல்லடைப்பு. இடுப்புலேருந்து தொடை வரைக்கும் யாரோ முள்ளுக்கம்பி வச்சு இழுக்குற மாதிரி, தரைல உருண்டான், அக்காதான் ஆட்டோ புடிச்சு கூட்டிப் போனா, ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையக் காமிச்சு, எல்லாம் நல்லாதாம்ப்பா இருக்கு, கல்லு கடைசி வாசல்ல வந்து நிக்கி, அவ்ளோதான்னாங்க. அவ்ளோதானாம். வலி அவங்களுக்கா. பார்லி தண்ணியா குடிச்சு குடிச்சு, பக்கெட்டு பக்கெட்டா. அத இப்ப எதுக்கு நெனைக்கிறான், ஸ்க்ரூவ எங்க வச்சான், மூணுதான் இருக்கு, நாலாவது எங்க, இப்பிடித்தான், ஒண்ணக் கழட்டுனா ஒண்ணு காணாமப் போவும், பெறகு வீடு பெருக்கையில அக்கா கையில மாட்டும், இது ஒன் மிசினோடதான்னு கேப்பா, ஒவ்வொரு தடவையும் கேப்பா.

நெனைக்கையிலயே அவ வந்துட்டா, வயித்துக்கு மேல ஒரு கையி, இன்னொரு கையில தட்டு. வாசப்படில நின்னு மிசினையும் பாக்கல, அவனையும் பாக்கல, தரைல கெடந்த எண்ணெக் கறையத்தான் பாத்தா.

"சோறு ஆறிப் போச்சு. ஒன் மிசின்தான் ஆற மாட்டேங்கி."

"வச்சுட்டுப் போக்கா."

"வச்சுட்டுப் போனா பூனைதான் திங்கும். திங்கட்டும், அதுவாச்சும் ஒழுங்கா ஒண்ணுக்குப் போவுது, ஒன் வலை மேல."

அவன் சிரிக்கல. அவளும் சிரிக்கல. தட்ட கை மாத்திக்கிட்டா. "அத்தானுக்கு பையில துணி எடுத்து வைக்கவா வேண்டாமா, அத மட்டும் சொல்லு. ரெண்டு தடவ எடுத்து வச்சு ரெண்டு தடவ வெளிய எடுத்துட்டேன்."

"எடுத்து வைக்காத."

"நீ சொல்லுத."

"நாந்தான் சொல்லுதேன்."

அவ தட்ட டிரம்மு பக்கத்துல வச்சுட்டு போயிட்டா, போற அவ நடையப் பாத்தான், கால அகட்டி வச்சு ஆடி ஆடி, நெறஞ்ச வள்ளம் அலைல வர்ற மாதிரி. நாந்தான் சொல்லுதேன். யாரு நான். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே நாந்தான் சொன்னான், பெட்ரோல்ல தூசி வருது அத்தான், நா ஒரு பில்டர் செஞ்சு போடுறேன்னு, காலி சென்ட்டு பாட்டிலையும் சேலைத் துண்டையும் வச்சு. அழகா இருந்துச்சு. உள்ள பெட்ரோல் மஞ்சளா மின்னுச்சு. எட்டு மைலு போனதும் சேலைத் துண்டு ஊறிப்போயி அடைச்சுக்கிட்டு நின்னுபோச்சு, காலைல பதினோரு மணிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அத்தான் வெயில்ல மெதந்தாரு, கடைசில இன்னொரு வள்ளம் கயித்தக் கட்டி இழுத்துட்டு வந்துச்சு, ஊரே கரைல நிக்கி, அக்கா முன்னால நிக்கா, தலைல முக்காடு, கையில செபமாலை, ஒரு சொட்டு கண்ணீரு இல்ல. அத்தான் எறங்கி வந்து சென்ட்டு பாட்டில இவன் கையில குடுத்துட்டு, மாப்ள, வாசம் நல்லாருக்குன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அடிச்சிருந்தா கூட மறந்துருப்பான். அன்னைக்குலேருந்து இவனுக்கு ஊர்ல பேரு என்ஜினியரு. பக்கத்து வீட்டு சில்வேரா அண்ணன் செவுத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து இப்பவும் கேக்குறாரு, "என்ஜினியரே, சத்தம் நின்னுபோச்சே, மதியச் சாப்பாட்டு பெல்லா." அவருக்கு வேற வேலையே கெடையாது. இனிகோ சோத்தத் தொடல. பூனை தூரத்துல நின்னு பாத்துச்சு.

மூணுக்கு வர்றவர்கிட்ட பொய் சொல்லிறலாமா. ஓட்டைய பாத்தாத்தான தெரியும், டிரம்மு தண்ணி தெறிக்கையில அங்கன கொஞ்சம் ஈரமா வச்சா வந்துச்சுன்னு சொல்லிறலாம், இப்பத்தான் அத்தான் வந்துச்சு, மறுபடி பாக்கணுமான்னு. ச்சே. சென்ட்டு பாட்டிலு. மெதக்குற வள்ளம். இந்தத் தடவ கயித்தக் கட்டி இழுக்க ஆளு வரலன்னா. பொய்யி வேண்டாம், மாத்தணும், அவ்வளவுதான், மொத்தமா மாத்தணும். இந்த ரப்பர் பூவையே நம்பாத சிஸ்டம் ஒண்ணு. அதுக்குத்தான் அவன் மூணு வாரமா படம் போட்டு வச்சுருக்கான், நோட்டுல, சிவப்பு பேனால அம்புக்குறியோட. வள்ளத்துக்குள்ள சேருற தண்ணிய வெளிய எறைக்க ஒரு குட்டிக் கரண்ட்டு பம்பு இருக்குல்ல, பாட்டரில ஓடுறது, உள்ளங்கை அளவு, அத கடல்ல தொங்கவிட்டு, ஹோஸ் வழியா நேரா மேல தள்ளுனா, உறிஞ்சுற வேலையே இல்ல, எவனயும் கெஞ்ச வேண்டாம், தள்ளு, போ, ஓடு. பம்பும் இருக்கு. பைக் பாட்டரியும் இருக்கு. ஆனா அதுக்கு செம்புக் கொழாய அறுக்கணும். அறுத்தா அறுத்ததுதான். மூணு வாரமா அந்த எடத்துல வந்து நின்னு நின்னு திரும்பிப் போறான்.

போன் அடிச்சுச்சு, அத்தான்.

"மாப்ள, சாப்ட்டியா."

"சாப்ட்டேன் அத்தான்."

"பொய்யி. ஒங்கக்கா இப்பத்தான் சொன்னா." காத்து சத்தம், எங்கயோ கரைலதான் நிக்காரு. "லே, நா ஒண்ணு சொல்லட்டா. வரலன்னா வரல. நீ அதுக்குப் போட்டு மண்டைய ஒடைக்காத. பழைய மிசின், அதுக்கும் வயசாச்சு. கொல்லத்துல எனக்கு ஒண்ணும் செரமம் இல்ல, சாப்பாடு நல்லாப் போடுதான்."

"வரும் அத்தான்."

"சரி மாப்ள. காத்தும் அடங்கிருக்கு இன்னைக்கி. பாப்போம்."

நல்ல மனுசனா இருக்காதீங்க அத்தான். நல்ல மனுசனா இருக்குறவங்க கிட்ட தோக்கறதுக்கு ஒரு வழியே இல்ல, திட்டிட்டா இவனும் நாலு கத்து கத்திட்டு கொழாயத் தூக்கி எறிஞ்சுட்டுப் போயிருப்பான். கைய ஒதறுனான். ஸ்பேனர எடுத்தான். மிசின் கால அவன் கண்ண மூடிக்கிட்டே கழட்டுவான், ஏழு வாரத்துல பதினஞ்சு தடவ கழட்டிருப்பான், நாலு போல்ட்டு, ஒரு கம்பி, வலது கையால தாங்கு, எறக்கு, அங்கன ரப்பர் பூ ஒக்காந்துருக்கு, புதுப் பூ, கருகருன்னு, ஒரு எதழ் கூட மடங்காம, என்னைய ஏன் பாக்குறன்னு கேக்குற மாதிரி. அதப் பாத்ததும்தான் வந்துச்சு அவனுக்கு அந்தக் கோவம், எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல, வயித்துக்குள்ளேருந்து, கொறடால கவ்வி ஒரே இழுப்பு, ரெண்டு எதழ் கிழிஞ்சு கையோட வந்துச்சு. போ. அப்பறம் செம்புக் கொழாயி. ஆக்சா பிளேடு. மொத இழுப்புல வழுக்குச்சு, ரெண்டாவது இழுப்புல செம்பு சிவப்பாத் தெரிஞ்சுச்சு, உள்ளுக்குள்ள இருக்குற தோலு மாதிரி, மூணாவது இழுப்புலேருந்து நிறுத்தல, பல்லு கூசுற சத்தம், இழு, இழு, டக்குன்னு ரெண்டாச்சு. ஆச்சு. இனி திரும்ப முடியாது. மனசு லேசாச்சு, ஒரு ரெண்டு நிமிசம், விசில் கூட அடிச்சான். மேல் துண்டுல ஹோஸ மாட்டி கிளிப்ப முறுக்கி, கால் மேல பக்கவாட்டுல தொளை போட்டு ஹோஸ வெளிய எடுத்து, கால மறுபடி பூட்டி, பம்ப மாட்டி, பம்ப டிரம்முக்குள்ள போட்டு, பாட்டரில வயர வச்சான். பம்பு முனகுச்சு. ஹோஸுக்குள்ள தண்ணி ஏறுது, கண்ணாடி ஹோஸு, தெளிவாத் தெரியுது, குமிழு குமிழா ஏறுது, ஏறி உள்ள போயிருச்சு. ஓட்டையப் பாத்தான்.

வரல.

பாத்துக்கிட்டே இருந்தான். பம்பு தள்ளிக்கிட்டே இருக்கு. ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம், மிசின் ஓடலயே, இப்ப பயம் எதுக்கு, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கலாம். வரல. எங்கடா போற. உள்ள போற தண்ணி எங்கயாச்சும் போயித்தான ஆவணும், நீ என்ன கெணறா. அவனுக்கு மிசின ஒதைக்கணும்னு இருந்துச்சு, பனங்கட்டைய ஒதைச்சான், கட்டவெரல் நகம் பேந்துச்சு, வலி உச்சந்தலை வரைக்கும் போயிட்டு வந்துச்சு, சில்வேரா அண்ணன் செவுத்துக்கு அந்தப் பக்கம், "என்ன என்ஜினியரே, கல்யாண மேளமா." அழுகை வந்துச்சு. இருவத்தேழு வயசுல ஒரு ஓட்டையப் பாத்து அழுவுறவன் ஊர்ல வேற யாரு. ஒதைச்ச ஒதைல மிசின் கால் சாஞ்சு டிரம்மு வெளும்புல ஏறி நின்னுருக்கு, தண்ணிக்கு மேல. அப்பத்தான் பாத்தான். காலுக்கு அடில, தண்ணியத் தள்ளுற காத்தாடிக்கு நடுவுல, கொடகொடன்னு தண்ணி ஊத்துது. ஊத்துதுன்னா, கொழாயத் தொறந்து விட்ட மாதிரி. இத்தன நாளா காலு டிரம்முக்குள்ள முங்கிக் கெடந்ததால தெரியல, உள்ள பொங்குறதுல எது எந்தத் தண்ணின்னு எவன் கண்டான். அப்ப தண்ணி மேல போவுது. சுத்துது. கீழ வருது. எல்லாப் பாதையும் தொறந்துதான் கெடக்கு. எல்லாம் நல்லாதாம்ப்பா இருக்கு. யாரு சொன்னது, யாரோ சொன்னாங்களே, திரையக் காட்டி. கல்லு கடைசி வாசல்ல.

சட்டப் பையத் துழாவுனான். கோயில் பாட்டுக் குழுல இவன்தான் கிட்டார், ஞாயித்துக்கெழம அறுந்துபோன தந்தி ஒண்ணு இன்னும் பையில சுருண்டு கெடந்துச்சு. நிமித்தி ஓட்டைக்குள்ள விட்டான். அரை இஞ்சு கூடப் போவல, தட்டுச்சு. கொழகொழன்னு ஏதோ. மொனைய வளைச்சு கொக்கியாக்கி விட்டு இழுத்தான், நாரு. பழுப்பு நாரு. இன்னொரு தடவ இழுத்தான், சளக்குன்னு ஒரு துண்டு வெளிய வந்து விழுந்துச்சு, அதுக்குப் பொறத்தால தண்ணி, நேரா அவன் மூஞ்சில, வாயில, கண்ணுல, ஒரு முழம் நீளத்துக்கு வளைஞ்சு பீச்சி அடிச்சுச்சு. அவன் தொடைக்கல. கீழ கெடந்தத எடுத்தான். அரை வெரல் நீளம், ஊறி உப்பிப் போயிருந்துச்சு. ஓலை. தென்னை ஈக்கோட சேந்த குருத்தோலை.

குருத்தோலை ஞாயிறு. பவனி முடிஞ்சு வெயில்ல எல்லாரும் மந்திரிச்ச ஓலைய சிலுவையா மடிச்சு வீட்டு நெலைல சொருகுறாங்க, வள்ளத்து மூக்குல சொருகுறாங்க, அக்கா இவன் கையில ஒண்ணக் குடுத்து, மிசினுக்கும் ஒண்ணு வையிலே, ஊர்லயே அதுக்குத்தான் ஆண்டவர் ரொம்ப வேணும்னா. இவன் சுத்திச் சுத்திப் பாத்தான், எங்க சொருவ, மிசின்ல இடுக்கே இல்ல, அப்பறம் பொறத்தால பாத்தான், ஒரு ஓட்டை, அளவெடுத்து செஞ்ச மாதிரி, சிலுவையோட வாலு கச்சிதமா உள்ள போச்சு, காத்துல விழுந்துரக் கூடாதுன்னு ஈக்கு மொனையால நல்லா அமுத்தி வச்சான், அமுத்திட்டு ரெண்டு அடி தள்ளி நின்னு பாத்து, எப்பிடின்னு அக்காட்ட கேட்டான், அழகா இருக்குன்னா. பெரிய வாரத்துல காத்துக்கு சிலுவை தலையோட பிஞ்சு போயிருக்கும். வாலு உள்ள. ஏழு வாரம். வினிகரு, வால்வு, புதுப் பூ, மலையாள வீடியோ. அறுத்த கொழாயி தரைல கெடக்கு, வெட்டுன வாயி இன்னும் சிவப்பா. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி கிட்டார் தந்திய விட்டுருந்தா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ரெண்டு நிமிசம் ஓட்டி கைய வச்சுப் பாத்துருந்தா, வெதுவெதுப்புலயே நின்னுருக்கும், மிசினுக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுருக்கும். சிரிப்பு வரணும். வரல. தண்ணி மட்டும் வருது, இப்ப வேண்டாங்குற அளவுக்கு வருது, சோத்துத் தட்டுல போயி விழுவுது.

"ஏய், போவுதுலே."

தத்தேயு அத்தான் வாசல்ல. தோள்ல பையி. அக்கா எடுத்துதான் வச்சுருக்கா. அத்தான் பையோடயே உள்ள வந்து குனிஞ்சு தாரைக்கு நேரா உள்ளங்கையக் காட்டுனாரு, மொகம் முழுக்க பல்லு. "பிளாரா, இங்க வா, ஒந்தம்பி போவ வச்சுட்டான்." அக்கா பின்னால வந்து நின்னா, மொகத்துல ஒண்ணும் காட்டல, கை மட்டும் வயித்துல. "என்னதான் மாப்ள அடைச்சிருந்துச்சு."

கையில ஓலைத் துண்டு. பூச்சி அடைச்சிருந்துச்சுன்னு சொல்லலாம். உப்புன்னு சொல்லலாம். புது சிஸ்டம் அத்தான், இனி ரப்பர் பூவே வேண்டாம்னு சிவப்பு அம்புக்குறி நோட்டக் காட்டலாம், அது பொய்யி கூட இல்ல, தண்ணி வருதுல்ல. வாசம் நல்லாருக்கு மாப்ள.

"மிசினுக்கு ஒண்ணுமே இல்ல அத்தான்," கையத் தொறந்து காட்டுனான். "குருத்தோலை. நாந்தான் சொருகுனேன். இது தெரியாம இப்பத்தான் கொழாய அறுத்துட்டேன். பூவும் கிழிஞ்சு போச்சு. இப்ப பாட்டரி பம்புலதான் ஓடும். பாட்டரி செத்தா தண்ணி நின்னுரும்."

அத்தான் ஓலையப் பாத்தாரு, தரைல கெடந்த கொழாயப் பாத்தாரு. பம்பு முனகிக்கிட்டே இருந்துச்சு. அக்கா வாயப் பொத்திக்கிட்டா, சிரிக்காளா அழுவுறாளான்னு தெரியல, தோளு குலுங்குச்சு. "நான்ல குடுத்தேன்," அப்பிடின்னா விரலுக்குள்ளேருந்து.

"பாட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்."

"மூணு மணி நேரம். நாலு. தெரியல அத்தான், பாத்ததில்ல."

"வலை போடுத எடம் ஒண்ணேகால் மணி. போயி வர ரெண்டரை." அத்தான் மீச மேல இருந்த தண்ணியத் தொடைச்சாரு. "பம்ப எங்க வைக்கணும்."

"வெளிய, தண்ணில தொங்கவிடணும். யாராச்சும் கயித்தப் புடிச்சுக்கிட்டே இருக்கணும். அலைல மேல தூக்குனா காத்த இழுத்துரும்."

"யாராச்சும்." அத்தான் பைய எறக்கி அக்கா கையில குடுத்தாரு. "அப்ப சட்டையக் கழட்டிட்டு வா மாப்ள."

"நா வாந்தி எடுப்பேன் அத்தான்."

"எடு. ஒங்கைய மட்டும் எடுக்காத."

மூணு நிமிசம். மூணே கால். அலை ஒடையுற எடத்தத் தாண்டியாச்சு, வயிறு தொண்டைக்கு வந்து வந்து போவுது, கால் நடுவுல பாட்டரி, மேல பாலித்தீன் சாக்கு, வலது கை வள்ளத்துக்கு வெளிய, மணிக்கட்டுல சுத்துன கயித்துல பம்பு இழுக்குது, கொழந்த கைய இழுக்குற மாதிரி விடாம இழுக்குது, முனகல் வெரல் வழியா எலும்புக்குள்ள கேக்குது, கூலிங் சிஸ்டத்துல இப்ப அவனும் ஒரு சாமான். கரைல அக்கா ஒரு புள்ளியா நிக்கிறா, திரும்பிப் பாக்கணும்னு இருக்கு, பாக்கல. ஓட்டையத்தான் பாக்குறான். அத்தான் மிசின் கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு கடலப் பாத்துதான் ஒக்காந்துருக்காரு, ஓட்டை அவருக்குப் பொறத்தால, அவரு ஒரு தடவ கூட குனிஞ்சு பாக்கல.

"வருதா மாப்ள."

"வருது."

ஏழு வாரமா ஒரு நிமிசத்துக்கு மேல ஓட்டாத மிசின் இது. நாலு நிமிசம். இடது கைய நீட்டி சிலிண்டர் கவர் மேல வச்சான். வெதுவெதுப்பு. ஒரு அலை தூக்குச்சு, பம்பு தண்ணிக்கு வெளிய வந்து கீச்சுன்னுச்சு, தாரை ஒரு நொடி தும்மிட்டு நின்னுச்சு, தோளு வரைக்கும் கைய தண்ணிக்குள்ள விட்டு பம்ப அமுத்துனான், மொகத்துல உப்புத் தண்ணி அடிச்சுச்சு, வந்துருச்சு, மறுபடி வந்துருச்சு, வளைஞ்சு, ஒரு முழம்.

"வருதா."

"வருது, வருது."

அத்தான் மடில சொருகியிருந்த பாலித்தீன் கவர்லேருந்து போன எடுத்தாரு, கவரோடயே அமுத்தி காதுல வச்சாரு. மிசின் சத்தத்துக்கு மேல கத்துனாரு, "அண்ணாச்சி, தத்தேயு பேசுதேன். இல்ல அண்ணாச்சி, எனக்காவ வேன நிப்பாட்ட வேண்டாம். நா வரல." அங்கேருந்து என்ன சொன்னாங்கன்னு கேக்கல. போன மடில சொருகிட்டு கைப்பிடிய ஒரு சுத்து முறுக்குனாரு, வள்ளம் மூக்கத் தூக்குச்சு, இனிகோ வாய மூடி எச்சிய முழுங்கிக்கிட்டு கயித்த இன்னும் ஒரு சுத்து மணிக்கட்டுல சுத்துனான், நாலு அம்பத்தெட்டு, நாலு அம்பத்தொம்போது, அஞ்சு நிமிசம், வலை போடுற எடத்துக்கு இன்னும் எழுவது இருக்கு.